இரைச்சல் நீக்கம் தேவையில்லை என்று எழுதியவன்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி வழியில் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு இன்னும் அசிங்கம்.

பிறந்த இடம் ஒரு கட்டுரை. மின்சாதனங்களைப் பற்றிய ஓர் இணையதளத்துக்கு வாரம் இரண்டு கட்டுரை எழுதித் தருவது என் பிழைப்பு. கதை எழுதுவது என் ஆசை. ஆசிரியர் அனுப்பிய தலைப்பு இது: ‘வயர்லெஸ் இயர்பட்ஸில் இரைச்சல் நீக்கம் அன்றாடப் பயன்பாட்டுக்குத் தேவையா?’ அதாவது, வெளியே இருக்கும் சத்தத்தை ஒரு குட்டி மைக் கேட்டு, அதற்கு நேர் எதிரான சத்தத்தைக் காதுக்குள் எழுப்பி, இரண்டையும் ஒன்றோடொன்று தீர்த்துக்கட்டும் வசதி.

நான் எழுதினேன்: ‘தேவையே இல்லை. விமானத்தில் பறப்பவர்களுக்குச் சரி. வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது வெறும் பகட்டு.’ அறுநூறு வார்த்தை, ஒன்றே கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. இரைச்சலை நீக்கும் எதையும் நான் காதில் வைத்துப் பார்த்ததில்லை. ஆனால் அப்படிப்பட்ட ஒன்று என் மனைவியின் காதில் இருந்தது. அதைக் கொடுத்தவன் நான் இல்லை.

2

கட்டுரை எழுதியும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. அதனால் கதை எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: ‘அவள் காதில் வெள்ளையாக ஒன்று மின்னியது. அதைப் பார்த்த கணத்தில் அவன்…’ [வைரத்தோடு மாதிரி ஆகிவிட்டது. அடித்தேன்.]

இரண்டாம் தொடக்கம்: ‘மெக்கானிக்குக்குக் கனத்த மீசை, அதைவிடக் கனத்த குரல். அவன் குனிந்து பேசியபோது அந்தக் குரல் அவள் காதுக்குள் இறங்கியது.’ [இது எனக்குப் பிடித்திருந்தது. வைத்துக்கொண்டேன்.]

மூன்றாம் தொடக்கம்: ‘உண்மையில் நடந்தது என்னவென்றால்…’ [இதோடு எழுந்துபோய்க் காபி போட்டேன்.]

3

உண்மையில் நடந்தது என்னவென்றால், என் மனைவி ஒரு சலவை ஆலையில் வேலை பார்க்கிறாள். மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளும் அங்கிகளும் அங்கேதான் வெளுக்கப்படுகின்றன. டிரையர் பிரிவுக்கு அவள் மேற்பார்வையாளர். அங்கே ஒன்பது டிரையர்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் ஆள் நிமிர்ந்து நிற்கலாம். அவற்றைப் பழுது பார்க்கும் மெக்கானிக்கை எல்லோரும் பெல்ட்டு என்றுதான் கூப்பிடுகிறார்கள். எந்நேரமும் தோளில் ஒரு டிரையர் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு திரிவதால் வந்த பெயர்.

அவளுடைய பிறந்தநாளுக்கு நான் ஓர் இயர்பட்ஸ் வாங்கித் தந்தேன். இரைச்சல் நீக்கம் இல்லாதது. நன்றாக இருக்கிறது என்றாள். நான்கு நாள் போட்டாள். ஐந்தாம் நாள் அது ஸ்க்ரூடிரைவரும் தீர்ந்த பேட்டரிகளும் கிடக்கும் இழுப்பறைக்குப் போய்விட்டது. அடுத்த வாரம் அவள் காதில் வேறொன்று இருந்தது. பெல்ட்டு புதுசு வாங்கிவிட்டானாம், பழசை அவளுக்குக் கொடுத்தானாம்.

அவன் காதில் இருந்தது இவள் காதில். என் முகம் போன போக்கைப் பார்த்து அவளே சொன்னாள், “காதுக்குள்ள போற ரப்பரை மாத்திட்டேன்.”

ரப்பரை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடுமா? இப்படிக் கேட்கும் ஆளை உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். எனக்கும் பிடிக்காது. ஆனால் மூன்று வாரம் அந்த ஆளோடுதான் குடித்தனம் நடத்தினேன்.

4

ஒரு நாள் அவள் போனை மறந்து வைத்துவிட்டுப் போனாள். கொடுக்க நானே ஆலைக்குப் போனேன். டிரையர் பிரிவின் கதவைத் திறந்தபோது, பெல்ட்டுவின் வாய் அவள் காதிலிருந்து ஓர் அங்குலத்தில் இருந்தது. அவள் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

இந்த இடத்தில், இரண்டாம் தொடக்கத்திலிருந்து கிளம்பிய மெக்கானிக் கதை நின்றது. நிறுத்தியது நான். அதற்கப்புறம் பார்த்ததை எல்லாம் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். இப்போது அவற்றைத் திருப்பி எடுத்து வைக்கிறேன்.*

* விட்டவை: (அ) பெல்ட்டு அடுத்த நொடியே இஸ்திரிப் பிரிவுப் பெரியவரின் காதிலும் அதே ஓர் அங்குலத்தில் வாயை வைத்துப் பேசினான். (ஆ) என்னை உள்ளே கூட்டிப்போன காவலாளி என் காதிலும் அப்படித்தான் பேசினார். அவர் வெற்றிலை போட்டிருந்தார் என்பதுகூட எனக்குத் தெரிந்தது. ஒன்பது டிரையர்கள் ஓடும்போது அங்கே பேச வேறு வழி கிடையாது. (இ) என்னைப் பார்த்ததும் பெல்ட்டு அவளிடம் சொன்ன முதல் வார்த்தை ‘அக்கா’. “அக்கா, சார் வந்திருக்காரு.”

‘அக்கா’ என்று அவன் கூப்பிடுவது கதைக்குப் பெரிய இடைஞ்சல். அந்த ஒரு வார்த்தை இருந்தால் கதையில் எதுவும் பற்றிக்கொள்ளாது. அதை எடுத்துவிட்டேன். அவனுக்கு இல்லாத மீசையை நானே கொடுத்தேன்.

5

இனி என் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எழுதியதை வாய்விட்டு வாசித்தால்தான் எனக்குத் திருப்தி. மாலையில் அவள் வேலையிலிருந்து வந்து, ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே ஸ்டூலில் காலை நீட்டிக்கொள்வாள். நான் அறைக்குள் நடந்துகொண்டே வாசிப்பேன். கல்யாணமான புதிதில் ஒவ்வொரு பத்திக்கும் ‘ம்’ கொட்டுவாள். அவளுடைய ‘ம்’களில் வகை உண்டு, நீளமாக வந்தால் அந்தப் பத்தி தேறாது என்று அர்த்தம்.

இரண்டு வருடத்துக்கு முன்பு கீழ்த்தளத்தில் ஐஸ்கிரீம் கிடங்கு வந்தது. அதன் கம்ப்ரஸர் இரவு பகலாக உறுமுகிறது. ஏறக்குறைய அதே சமயத்தில் அவளுடைய ‘ம்’ குறைந்தது, பிறகு நின்றே போனது. நான் வாசிக்கும்போது எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பாள். என் எழுத்து அவளுக்கு அலுத்துவிட்டது என்று நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம்.

பெல்ட்டுவின் இயர்பட்ஸ் வந்தபிறகு, வேலையிலிருந்து வந்ததும் அதை எடுத்து மாட்டிக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள். சரி, கதவைச் சாத்திவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். அப்படியும் வாசிப்பதை நான் நிறுத்தவில்லை. ஒரு நாள், தலையில் இருக்கும் கண்ணாடியை வீடெல்லாம் தேடும் தலைமையாசிரியரைப் பற்றிய பழைய கதை ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தேன். அவள் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். யார் அனுப்பிய எதைக் கேட்டுச் சிரிக்கிறாளோ என்று எனக்குள் பற்றி எரிந்தது. அன்றுதான் மெக்கானிக் கதையைத் தொடங்கினேன்.

அதையும் அவள் முன்னால்தான் வாசித்தேன்.

ஏன் என்று கேட்பீர்கள். ஒருவரை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு திட்டிவிட்டு மாட்டிக்கொள்ளாமல் இருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. இரைச்சல் நீக்கம் என்றால் வெளியே இருக்கும் எதுவுமே கேட்காது என்று நம்பினேன். அதைப் பற்றி அறுநூறு வார்த்தை எழுதியவன் நான். ‘கணவனின் கையைத் தொட்டு எத்தனை நாளாயிற்று என்பதுகூட அவளுக்கு நினைவில்லை. மெக்கானிக் கொடுத்த…’ என்று பன்னிரண்டு மாலை ஏற்ற இறக்கத்தோடு வாசித்திருக்கிறேன். அவள் சிரிக்கவில்லை. முகம் இறுகிப்போயிருந்தது. ‘குற்ற உணர்ச்சி’ என்று ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.

6

கட்டுரைக்குக் கீழே யாரோ ஒரு வாசகர் கேட்டிருந்தார்: ‘நீங்கள் போட்டுப் பார்த்தீர்களா?’

சுருக்கென்றது. ஞாயிற்றுக்கிழமை காலை அவள் காய்கறி வாங்கப் போயிருந்தாள். இயர்பட்ஸ் பெட்டி மேசைமேல் இருந்தது. எடுத்து மாட்டிக்கொண்டேன்.

கம்ப்ரஸர் போய்விட்டது. இரண்டு வருடமாகத் தரையிலும் சுவரிலும் என் பல்லிலும் இருந்த அந்த உறுமல், ஒரே நொடியில் காணோம். இவ்வளவு நாள் நாங்கள் எதற்குள் வாழ்ந்தோம் என்று அப்போதுதான் புரிந்தது. அடுத்து இன்னொன்று நடந்தது. மாடி வீட்டுக்காரர் படிக்கட்டில் நின்று, கதவுக் கீல் சரியில்லை என்று தச்சரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். அவர் பேசியது ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. சத்தம் கொஞ்சம் குறைவுதான். ஆனால் குரலைச் சுற்றி வேறொன்றும் இல்லை.

நான் வாசித்ததை என் போனில் பதிவு செய்து வைத்திருந்தேன், நடையைச் சரிபார்க்க. போனை நான் வழக்கமாக நிற்கும் இடத்தில் அலமாரிமேல் வைத்து ஓடவிட்டேன். அவளுடைய நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். காலை ஸ்டூலில் நீட்டவும் செய்தேன்.

‘அவன் குனிந்து பேசியபோது அந்தக் குரல் அவள் காதுக்குள் இறங்கியது’ என்றது என் குரல். நல்ல உச்சரிப்பு. ஒவ்வொரு எழுத்தும் தெளிவு. பதிவு பதினொரு நிமிடம் ஓடியது. நான் எழுந்து நிறுத்தவில்லை. பன்னிரண்டு மாலை அவள் எழுந்திருக்கவில்லையே.

7

அவள் பையோடு உள்ளே வந்தபோதும் அதே நாற்காலியில்தான் இருந்தேன், காதில் அது இருக்க. அவள் பையைக் கீழே வைத்தாள். என்னையும் அலமாரிமேல் இருந்த போனையும் மாறி மாறிப் பார்த்தாள். விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

[இங்கே எனக்காக ஒரு நீண்ட வசனம் எழுதி வைத்திருந்தேன். அதில் நான் மிகவும் கண்ணியமாக இருந்தேன். எடுத்துவிட்டேன்.]

நான் கேட்டது, “எல்லாம் கேட்டுதா?”

“கேட்டுது.”

“ஏன் ஒண்ணும் சொல்லல?”

அவள் கத்தரிக்காய்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள். பிறகு சொன்னாள். எட்டு வருடம் டிரையர்கள் பக்கத்திலேயே நின்றதில் அவள் காது முன்போல இல்லை. அமைதியான இடத்தில் பேசினால் பிரச்சினை இல்லை. பின்னால் ஏதாவது உறுமிக்கொண்டிருந்தால் பேச்சு குழம்பிப்போய்விடும். கீழே கம்ப்ரஸர் வந்த நாளிலிருந்து நான் வாசிப்பது அவளுக்கு வெறும் முணுமுணுப்பாகத்தான் கேட்டிருக்கிறது. இதை என்னிடம் சொல்ல வெட்கமாக இருந்ததாம். ஆலையில் ஒரு நாள் பேச்சுவாக்கில் இதைச் சொல்லியிருக்கிறாள். பெல்ட்டு உடனே தன் காதிலிருந்ததைக் கழற்றி, போட்டுப் பாருங்க அக்கா என்றானாம். பிறகு தனக்குப் புதுசு வாங்கிக்கொண்டு அதையே கொடுத்துவிட்டானாம்.

“பாட்டுப் போடறதே இல்லைங்க. சும்மாதான் மாட்டிப்பேன். நீங்க வாசிக்கிறது கேக்கணும்னு.”

என் காதிலிருந்ததை நான் தொட்டுப் பார்த்தேன்.

“அந்தக் கண்ணாடி தேடற வாத்தியார் கதைக்கு அவ்வளவு சிரிச்சேன். ரெண்டு வருஷம் கழிச்சு உங்க கதை கேட்டேன்னு அவ்வளவு சந்தோஷம். அன்னைக்கே சொல்லலாம்னுதான் இருந்தேன். நீங்க முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு உள்ள போயிட்டீங்க. மறுநாள் அந்தக் கதை.” கடைசிக் கத்தரிக்காயை வைத்தாள். “அவன் அக்கான்னு கூப்பிடறதை ஏன் எடுத்தீங்க?”

எழுதத் தொடங்கிய நாளிலிருந்து என்னிடம் யாரும் இவ்வளவு கூர்மையாக ஒரு கேள்வி கேட்டதில்லை.

அவள் கையை நீட்டினாள். கழற்றிக் கொடுத்தேன். துடைத்துப் பெட்டியில் போட்டு மூடினாள். பதினொரு நாளாக அந்தப் பெட்டி மூடியே இருக்கிறது. என்னோடு பேசுகிறாள், சாப்பிடக் கூப்பிடுகிறாள், கரண்ட் பில் வந்துவிட்டது என்கிறாள். மாலையில் அதே நாற்காலியில், வெறும் காதோடு, கம்ப்ரஸரைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

8

முடிவுக்குச் சில யோசனைகள்.

முடிவு ஒன்று: கணவன் கட்டுரையைத் திருத்துகிறான். [இது நடந்தது. என்ன திருத்தம் என்று ஆசிரியர் கேட்டார். ‘வீட்டில் பேசுகிற ஆள் யாராவது இருந்தால் இரைச்சல் நீக்கம் தேவைப்படும்’ என்று எழுதினேன். தலைகீழாக இருக்கிறதே, நன்றாகத் தூங்குங்கள் என்று பதில் வந்தது.]

முடிவு இரண்டு: கணவன் ஆலைக்குப் போய் மெக்கானிக்கிடம் மன்னிப்புக் கேட்கிறான். ஒன்பது டிரையர்கள் ஓடுகின்றன. மன்னிப்பை அவன் காதில் வாய் வைத்துத்தான் கேட்க வேண்டும். [சிரிப்பாக இருக்கிறது. ஆனால் அவனுக்கு நான் செய்தது எதுவும் தெரியாது. போய்ச் சொன்னால் என் பாரம் இறங்கும், அவன் அவளிடம் பழையபடி பேச முடியாமல் போகும். வேண்டாம்.]

முடிவு மூன்று: மனைவி மன்னித்து… [இதை எழுத எனக்கு உரிமை இல்லை. அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தையை எடுத்தாலும் தப்பு, ஒரு வார்த்தையை வைத்தாலும் தப்பு. கற்றுக்கொண்டது இவ்வளவுதான்.]

பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. இப்போது அவள் சிரித்த அந்த மாலையின் மீது பொறாமை. அன்று என் கதையைக் கேட்டு அவளைச் சிரிக்கவைத்த மனிதன் நான்தான் என்று தெரியாமலே அவன்மேல் வயிறு எரிந்தேன். இன்று தெரிந்தே எரிகிறேன். அவனுக்குக் கிடைத்தது எனக்கு இனிக் கிடைக்குமா?

9

ஆகவே முடிவு எழுதவில்லை.

இன்று வியாழன். மணி ஐந்தேகால். அவள் வந்துவிட்டாள்; காலை ஸ்டூலில் நீட்டியிருக்கிறாள். மெக்கானிக் கதையைக் கிழித்துவிட்டேன். இதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அலமாரிப் பக்கம் நிற்கிறேன். பெல்ட்டுவின் மீசையை எடுத்துவிட்டேன். ‘அக்கா’வைத் திருப்பி வைத்துவிட்டேன். கீழே கம்ப்ரஸர் உறுமிக்கொண்டே இருக்கிறது.

மற்ற வீடுகளில் ஒருவர் பேச ஆரம்பிக்கும்போது இன்னொருவர் இயர்பட்ஸை எடுத்து மாட்டினால், கேட்க விருப்பமில்லை என்று பொருள். இங்கே அப்படி இல்லை என்பது உங்களுக்கும் எனக்கும் அவளுக்கும்தான் தெரியும்.

இப்போது முதல் வரியை வாசிக்கப் போகிறேன்: ‘இந்தக் கதை பொறாமையில் பிறந்தது.’ வாசித்துவிட்டு, முன்பெல்லாம் ‘ம்’ வருகிற அளவுக்கு நிறுத்துவேன். காகிதத்திலிருந்து தலை தூக்க எனக்குத் தைரியம் கிடையாது. நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். பெட்டி அவளுக்குக் கையெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.