உள்ளே தள்ளிய உப்பு

பொள்ளாச்சியில் ஒரு தேங்காய் வியாபாரி வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டு இளநீர் வேண்டாம் என்று சொல்ல எந்தச் சாக்கும் எடுபடாது. சளி என்றால் இந்த மே மாசத்திலா என்று சிரிப்பார்கள். வயிறு நிறைந்துவிட்டது என்றால் தண்ணீர்தானே என்பார்கள். மைதீன் பிச்சை என் மகள் ரஹ்மத்நிஷாவுக்கு மாமனாராக வரப் போகிறவர். மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த எங்களுக்காகவே குலை இறக்கி வாசலில் குவித்து வைத்திருந்தார்.

என் வீட்டுக்காரர் ரசாக்குக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வாரம் இரண்டு தடவை மெஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டுதான் அந்தத் தொண்ணூற்றாறாம் வருஷத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். இது மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது. அப்பனுக்கு இருப்பது மகளுக்கும் வரும் என்று யாராவது கிளப்பிவிட்டால் சம்பந்தம் முறிந்துபோகும் என்று அவருக்குப் பயம். கையில் ஊசி குத்திய வீக்கம் தெரியாமல் அந்த வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டு வந்திருந்தார். வாய் தவறிச் சொல்லிவிடுவார்கள் என்று சொந்தக்காரர்களைக்கூட அழைக்கவில்லை. மெஷினில் படுத்த மறுநாள் அலுப்பாகக் கிடக்கும் என்று, இந்த ஞாயிற்றுக்கிழமைப் பயணத்துக்காகச் சனிக்கிழமை மெஷினையும் திங்கட்கிழமைக்குத் தள்ளிவிட்டார். வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்டேன். என் பேச்சை எங்கள் வீட்டில் யார் கேட்டார்கள்?

மெஷின் அறை நர்ஸ் மெர்சி ஆரம்பத்திலேயே என்னை உட்கார வைத்துச் சொல்லியிருந்தாள். "அக்கா, ஒடம்புல ஒவ்வொரு செல்லைச் சுத்தியும் மெல்லிசா ஒரு சவ்வு இருக்குதுங்க. பொட்டாசியம்னு ஒரு உப்பு, அது பெரும்பாலும் அந்தச் சவ்வுக்கு உள்ளாரதான் இருக்கோணும். வெளிய வந்தா சவ்வுல இருக்கற பம்பு உள்ளார இழுத்துக்கும். மிச்சத்தைக் கிட்னி ஒண்ணுக்குல தள்ளிரும். அண்ணனுக்குத் தள்றதுக்கு வழியில்லீங்க. வெளிய தேங்கிப்போச்சுன்னா இதயம் துடிக்கற மொறையே கெட்டு நின்னுபோயிருமுங்க." பிறகு ஆகாதவற்றையெல்லாம் அடுக்கினாள். "எளநியில அந்த உப்பு ரொம்பச் சாஸ்திங்க, கண்ணுல கூடக் காட்டாதீங்க" என்று இரண்டு தரம் சொன்னாள்.

மைதீன் பிச்சை தன் கையாலேயே சீவி நீட்டினார். "குடிங்க சம்பந்தி. நம்ம தோப்புதுங்க."

இவர் என் பக்கமே திரும்பாமல் வாங்கிக்கொண்டார். தண்ணீரையும் டம்ளர் கணக்கில் அளந்து குடித்துக்கொண்டு, மாதக்கணக்காகத் தாகத்திலேயே கிடந்த மனுஷன். முதல் மடக்கை மரியாதைக்குக் குடித்தார். மற்றதெல்லாம் தாகத்துக்குத்தான் என்று அவர் கண்ணை மூடியதிலேயே தெரிந்தது. உடனே இன்னொன்றைச் சீவி நீட்டினார்கள்.

"போதுமுங்க, அவருக்கு ஆகாதுங்க" என்றேன்.

"அவ கெடக்கறா, குடுங்க" என்று சிரித்தபடி இவர் அதையும் வாங்கிக்கொண்டார். அங்கேயே மண்டையில் ஒன்று வைக்கலாம் போலிருந்தது. வைக்கவில்லை. எனக்கும் என் மகள் கல்யாணம் நடக்க வேண்டுமே.

பிரியாணி பரிமாறினார்கள். மாப்பிள்ளையின் படிப்பு, தோப்பு, மாடி கட்டப் போவது என்று அவர்கள் ஏதேதோ சொன்னார்கள். நான் இவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கறியை எடுத்தார், நழுவியது. மறுபடி எடுத்தார், மறுபடியும் நழுவியது. கை கழுவ எழுந்தபோது என் காதருகே, "காலு மரத்தாப்பல இருக்குது குல்சு" என்றார். சொல்லி முடிக்கவில்லை, முட்டி மடங்கிக் கீழே உட்கார்ந்துவிட்டார்.

"வெயில் மயக்கமுங்க! இன்னொரு எளநி கொண்டாங்க!" என்று யாரோ கத்தினார்கள்.

மைதீன் பிச்சை ஓடிப் போய் அரிவாளால் ஒரே போடாகப் போட்டுக் கொண்டுவந்தார். இவர் தலையைத் தூக்கி வாயருகே வைத்தார். நல்ல மனசோடுதான் வைத்தார். இவர் என்னைப் பார்த்தார். சொல்லாதே என்று அந்தக் கண் சொன்னது. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கண்ணுக்கு அடங்கித்தான் குடித்தனம் செய்திருக்கிறேன்.

ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். இளநீர் மைதீன் பிச்சையின் வெள்ளைச் சட்டையெல்லாம் கொட்டி, காய் உருண்டு போனது.

"அது அவருக்கு வெசமுங்க! கிட்னி ரெண்டும் இல்லீங்க! மெஷின்லதான் உசுரு ஓடுதுங்க!"

அந்த நேரத்தில் மைதீன் பிச்சை ஒரு கேள்வி கேட்கவில்லை. தேங்காய் ஏற்றும் வேனை எடுக்கச் சொல்லி, இவரைத் தானே தூக்கிப் படுக்க வைத்தார்.

அங்கிருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் டாக்டர் இ.சி.ஜி. காகிதத்தைப் பார்த்ததும் நர்ஸை விரட்ட ஆரம்பித்தார். கால்சியம் போட்டார். பிறகு குளுக்கோஸோடு இன்சுலின் என்றார்.

"அவருக்குச் சக்கரை வியாதி இல்லீங்களே டாக்டர்!"

"சர்க்கரைக்கு இல்லம்மா. ரத்தத்துல இருக்கிற பொட்டாசியத்தை இன்சுலின் செல்லுக்குள்ளே தள்ளிவிடும். உடம்பை விட்டு வெளியே போகாது, உள்ளே ஒதுங்கி நிக்கும், அவ்வளவுதான். கொஞ்ச நேரத்துல சவ்வு வழியா மறுபடி ரத்தத்துக்கு வந்துரும். அதுக்குள்ளே கோயமுத்தூர் கொண்டுபோய் மெஷின்ல போட்டாகணும். கிளம்புங்க."

வேனில் இவர் தலை என் மடியில். நர்ஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடித்திருந்தாள். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. மைதீன் பிச்சை இறங்கிப் போய் கேட் கீப்பரிடம் கெஞ்சினார். ரயில் வந்தபாடில்லை. இவர் உடம்புக்குள் எண்ண முடியாத கதவுகளுக்குப் பின்னால் அந்த உப்பு நின்றுகொண்டு, எப்போது திறக்கும் என்று காத்திருப்பதாக எனக்குத் தோன்றியது. எந்தக் கதவைப் போய் நான் பிடிப்பேன்? அவர் காதில் கலிமா சொல்ல வாய் வந்தது. சாகக் கிடப்பவருக்குச் சொல்வதாயிற்றே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். அதற்குப் பதிலாகத் திட்ட ஆரம்பித்தேன். அவர் செய்த கிறுக்குத்தனங்களையெல்லாம் தோண்டி எடுத்துத் திட்டினேன். ஒவ்வொன்றுக்கும் அவர் முனகினார். முனகல் நிற்கக் கூடாது என்பதற்காகவே கோயமுத்தூருக்குள் நுழைந்து உக்கடம் வரும்வரை திட்டிக்கொண்டு வந்தேன்.

மெர்சி ஞாயிற்றுக்கிழமை லீவிலிருந்து ஓடி வந்து மெஷினைப் போட்டாள். குழாய்களில் ரத்தம் ஓட ஆரம்பித்தது. வராந்தாவில் மைதீன் பிச்சை கறைச் சட்டையோடு நின்றிருந்தார்.

"பொழைச்சுக்குவாருங்களா?"

"பொழைச்சுக்குவாருன்னு சொல்றாங்க."

"அல்லா காப்பாத்துனான்." சட்டைக் கறையைக் கையால் தேய்த்தார். "கல்யாண விசயம், ஊட்ல யோசிச்சுச் சொல்றோமுங்க." அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரியும். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

பொழுது சாயும்போது இவர் கண் விழித்தார்.

"சொல்லிப்போட்டியே."

"சொல்லிப்போட்டேன்."

"அவங்க?"

"யோசிச்சுச் சொல்றாங்களாம்."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "புள்ளை வாழ்க்கையக் கெடுத்துப்போட்டே. இனி எங்கிட்டப் பேசாதே."

"பேசலீங்க. ஆயுசுக்கும் பேச வேண்டாம். மூச்சு மட்டும் உட்டுக்கிட்டுக் கெடங்க."

கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் கிடந்தார். அவர் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தேன். துடித்தது. கையை எடுக்கப் பயமாக இருந்தது.