ஆட்டாத கோப்பை

மலையில் இடிந்து கிடந்த அந்தப் பழைய கல் ஊரைச் செப்பனிட்டபோது வீடுகளோடு ஆட்களையும் செப்பனிட்டுவிட்டார்கள். மஸ்கட்டில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான். வெள்ளிக்கிழமை லீவில் ஊரைச் சுற்றிப் பார்க்கப் போன தவசிமுத்துவும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தவசிமுத்து தூத்துக்குடிக்காரன். லிஃப்ட் மெக்கானிக். ஒன்பது வருஷமாக ஓமானில் மற்றவர்களை மேலேயும் கீழேயும் அனுப்பிக்கொண்டிருக்கிறான். டூர் பஸ்ஸில் அவனைத் தவிர நாற்பது பேர் வந்தார்கள். இரண்டரை மணி நேரத்தில் ஒருத்தரும் அவனிடம் பேச்சுக் கொடுக்கவில்லை. அவன் பக்கத்து சீட்டில் யாரோ பையை வைத்திருந்தார்கள்.

ஊர் வாசலில் ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். அதில் ஒரே கேள்வி. உங்களுக்காக இங்கே காத்திருப்பவர் யார்?

“யாரும் இல்லைங்க. சும்மா பாக்க வந்தேன்,” என்றான்.

“யாரும் காத்திருக்கலைன்னா நீங்க வரலைன்னுதான் அர்த்தம்,” என்றார் குமாஸ்தா. அந்த ஊரில் எல்லாரும் தூத்துக்குடித் தமிழ்தான் பேசினார்கள். “வராத ஆள எப்பிடி உள்ள விடுறது? உங்க ஊர்லயாவது யாரும் உண்டா?”

தவசிமுத்து யோசித்தான். முந்தின நாள் மனைவி ஜெயசெல்வி போனில் சாப்டாச்சா என்று கேட்டாள். ஆச்சு என்றான். சரி, வச்சிரவா என்றாள். எல்லாம் சேர்த்து நாற்பது விநாடி. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. ஒன்பது வருஷம் யார்தான் வழி பார்ப்பார்கள்? அவளுக்குப் பழகிவிட்டது, இவனுக்குத்தான் பழகவில்லை. இன்னும் வரலியே என்று யாராவது ஒரு தடவை தன்னைத் தேட வேண்டும் என்று அவனுக்கு ஆசையாக இருந்தது.

வாய்க்கு வந்ததை எழுதினான். பதினாலாம் நம்பர் வீட்டுக்காரர்.

“அப்பிடிச் சொல்லுங்க,” என்று குமாஸ்தா முத்திரை குத்தினார். “அவரு காலைல இருந்து நிக்காரு.”

சந்து நடக்க நடக்க நீண்டது. பதின்மூன்றாம் வீட்டு வாசலில் இருந்தவரை இடுப்பு வரைதான் செப்பனிட்டிருந்தார்கள். அதற்குக் கீழே கல்.

“மிச்சம் அடுத்த மாசம்னு சொல்லியிருக்காங்க,” என்றார் அவர். “பக்கத்து வீடுதான். போங்க.”

பதினாலாம் வீட்டில் பித்தளைக் கூஜாவும் சின்னக் கோப்பையுமாக ஒரு பெரியவர் நின்றிருந்தார். தன் பெயர் சாலிம் என்றார்.

“வந்துட்டீங்களா தம்பி? உக்காருங்க. முதுகு வலி எப்பிடி இருக்கு?”

முதுகு வலியைப் பற்றி தவசிமுத்து யாரிடமும் சொன்னதில்லை. பரவாயில்லை என்று சொல்லிக் கோப்பையை வாங்கிக்கொண்டான்.

ஏலக்காய் போட்ட காவா, அரபிக் காப்பி. விருந்தாளி காலிக் கோப்பையை இப்படியும் அப்படியும் ஆட்டிக் கொடுக்கும்வரை வீட்டுக்காரர் நின்றுகொண்டே ஊற்ற வேண்டும். அதுதான் அங்கே வழக்கம். தவசிமுத்துவுக்கு இது நன்றாகத் தெரியும். லிஃப்ட் பார்க்கப் போகிற வீடுகளில் ஒரே கோப்பையில் ஆட்டிவிட்டு எழுந்துவிடுவான். இன்றைக்கு ஆட்டவில்லை.

சாலிம் ஊற்றினார். உப்பளத்தைப் பற்றிக் கேட்டார். பையன் என்ன படிக்கிறான் என்று கேட்டார். ராத்திரி தூக்கம் வருகிறதா என்று கேட்டார். ஒவ்வொன்றுக்கும் தவசிமுத்து நிதானமாகப் பதில் சொன்னான். ஒன்பதாவது கோப்பையில் மணி பார்த்தான், மூன்று ஐம்பது. முப்பதாவது கோப்பையிலும் மூன்று ஐம்பதுதான். ஜன்னல் வெயில் தரையில் அதே கல்லில் கிடந்தது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். இங்கே முதல் நாளே முடிகிறதாகத் தெரியவில்லை.

பஸ் டிரைவர் ஞானதாஸ் மூச்சு வாங்க உள்ளே வந்தார்.

“அண்ணாச்சி, நாலு மணிக்கு வண்டிய எடுக்கணும். நாலு மணி ஆவ மாட்டேங்கு. நீங்க கோப்பைய ஆட்டினாத்தான் ஆவுமாம்.”

“எல்லாரும் வந்தாச்சா?”

“வந்தாச்சு. உங்களுக்குத்தான் காத்துக்கிடக்காங்க.”

“எனக்கா?”

“உங்களுக்குத்தான்.”

“பேரு சொல்லிக் கேட்டாங்களா?”

“கேட்டாங்க. லிஸ்ட்ல பாத்து நான்தான் சொன்னேன்.”

தவசிமுத்து கோப்பையை நீட்டினான். சாலிம் ஊற்றினார். ஞானதாஸ் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

கொஞ்ச நேரத்தில் சந்தில் குரல்கள் கேட்டன. முதலில் ஒன்றிரண்டு, பிறகு நாற்பதும். தவசிமுத்து, தவசிமுத்து என்று கூப்பிட்டார்கள். ஒரு அம்மாள் தவமுத்து என்றாள். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

“ஆட்டிருங்க தம்பி,” என்றார் சாலிம். “கால் கடுக்குது.”

நாற்பது குரலுக்கும் பின்னால், தூரத்தில், ஒரு பெண் குரல் மட்டும் வாப்பா, வாப்பா என்றது.

“அது உங்களையா அய்யா?”

“என் மவ. சோறாக்கி வச்சிட்டு உக்காந்திருக்கா.”

“தினமும் கூப்பிடுவாளா?”

“தினமும்.”

தவசிமுத்துவுக்கு வெட்கமாக இருந்தது. கோப்பை காலியாகத்தான் இருந்தது. ஒருமுறை ஆட்டினால் போதும், அத்தனை பேரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

“இன்னும் ஒரு வாய் மட்டும்,” என்று நீட்டினான்.

சாலிம் சந்துப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு ஊற்றினார்.