தூணிலிருந்து வந்த துண்டு

அறுநூறு டிகிரி உலையில் இரண்டு மணி நேரம் வெந்தும் கான்கிரீட் கட்டிகள் மூன்றும் கல்லுக்குண்டு மாதிரி நின்றன. இடித்த கட்டடங்களின் ஜல்லியில் செய்தவை என்று சீட்டு ஒட்டியிருந்தது. சோதனைக்கூடத்துக்காரி ஒன்றை உடைத்துப் பார்த்தாள். உள்ளே புத்தம்புதுக் கருங்கல். செங்கல் சிவப்பு மருந்துக்குக்கூட இல்லை. சோதனைக்கென்றே தனியாக வார்த்தவை.

கொண்டுவந்தவர் வேறு யாருமில்லை, அவளுடைய அக்கா கணவர்தான். மாணவியர் விடுதி ஒன்றைக் கட்டும் கம்பெனியில் பெரிய இன்ஜினியர். கட்டிகள் வேகும்வரை உலைக்கதவுக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்து நனைத்துத் தின்றார். தீ தாங்கும் என்று அவள் கையெழுத்திட்டுவிட்டால் அடுத்த மாதமே நூற்றிருபது பெண்கள் குடிவந்துவிடுவார்கள்.

இடிபாட்டு ஜல்லிமேல் அவளுக்கு ஒரு பகையும் கிடையாது. கழுவி, சலித்து, குப்பை பொறுக்கிச் செய்த கட்டிகள் இதே உலையில் தாக்குப்பிடித்ததை எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். அதனால்தான் இன்னும் வயிறு எரிந்தது. கட்டின தூணிலேயே துளைத்து எடுத்த துண்டு வராமல் கையெழுத்துக் கிடையாது என்று சொல்லிவிட்டாள். சொந்த மாமாவிடமே போலீஸ் வேலையா என்று அவர் சிரித்தார்.

மறுநாள் காலை அவளே போய் மாடிப்படித் தூணைத் துளைத்து வந்தாள். துண்டை மேசையில் வைத்துப் பார்த்தாள். கக்கூஸ் பீங்கான் சில்லு, ஊறிய செங்கல், மட்கிய மரம், கசங்கிய ஷாம்பு பாக்கெட், யாரோ பல் தேய்த்த பிரஷ்ஷில் பாதி. குப்பைத்தொட்டியைக் கவிழ்த்து மேலே சிமெண்டை ஊற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அவள் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினாள். அப்படியும் விரல்கள் நாறுவதுபோலவே இருந்தது.

துண்டை உலைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"ஒண்ணும் ஆகாதும்மா. நேத்து நின்ன மாதிரியே நிக்கும்," என்றார் பின்னாலேயே வந்திருந்த மாமா. சொல்லிக்கொண்டே தேநீரையும் பிஸ்கட் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டார். நாற்காலியைத் தூக்கிப் போய் வராந்தாவின் மறுகோடியில் போட்டு உட்கார்ந்தார். உலை இன்னும் சூடேறக்கூட ஆரம்பிக்கவில்லை.

ஏன் அங்கே போனீர்கள் என்று கேட்டதற்கு, இங்கே காற்று நன்றாக வருகிறது என்றார். அவர் உதட்டோரம் ஒட்டியிருந்த பிஸ்கட் தூளைப் பார்க்க, அந்தப் பல் பிரஷ்ஷைப் பார்த்ததைவிட அவளுக்கு அருவருப்பாக இருந்தது. இந்த மனிதருக்குத்தான் அக்கா தினமும் சோறு போடுகிறாள்.

முந்நூறு டிகிரியைத் தாண்டியபோது முதலில் பிளாஸ்டிக் தீய்ந்த நாற்றம் வந்தது. சற்று நேரத்தில் உலைக்குள் டமார் என்று வெடித்தது. அவள் துள்ளி எழுந்தாள். வராந்தாவில் மாமாவின் கோப்பை ஆடக்கூட இல்லை.

அவள் அறிக்கைத் தாளோடு அவர் முன்னால் போய் நின்றாள்.

"நூத்திருபது பொண்ணுங்க மாமா. அவங்கல்லாம் நாற்காலிய எங்க தூக்கிட்டுப் போவாங்க?"

அவர் கண்ணெதிரிலேயே தாங்காது என்று எழுதி, அவள் கையெழுத்திட்டாள்.