ஒற்றை ஓ, இரட்டை ஓ

1

இது கதையாகப் பிறக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆங்கிலம் பழகுவோருக்கான பத்திரிகை ஒன்றில் மாதம் ஒரு பக்கம் எழுதுகிறேன். ஆளைக் குழப்பும் சொற்களைப் பற்றி. இந்த மாதம் 'லூஸ்' என்ற வினைச்சொல். "ஜாலியா எழுதுங்க சார், போன மாசம் மாதிரி அழ வெக்காதீங்க" என்றார் உதவி ஆசிரியர்.

விஷயம் சின்னது. ஆங்கில எழுத்தில் ஒரே ஒரு ஓ (lose) வந்தால் தொலைப்பது; சொல்லும்போது கடைசியில் வண்டு ரீங்கரிக்கும். இரண்டு ஓ (loose) வந்தால் தளர்வானது, வினையானால் அவிழ்த்துவிடுவது. கடைசியில் டயரிலிருந்து காற்று இறங்கும். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். நம் பேச்சில் மூன்றாவதாக ஒரு லூசும் உண்டு. அதற்கு எழுத்துக்கூட்டல் தேவையில்லை, ஆள் போதும்.

எடுத்துக்காட்டு வாக்கியம் ஒன்று வேண்டியிருந்தது. சாவி, குடை, பர்ஸ் எல்லாம் பழைய இதழ்களில் தீர்ந்துபோயின. 'அவள் தன் அப்பாவைத் தொலைத்தாள்' என்று எழுதினேன். அதோடு சரி. அடுத்த வரிக்குப் பேனா நகரவில்லை. எந்த அவள்? எங்கே வைத்துத் தொலைத்தாள்?

2

[பேருந்து நிலையத்தின் மேல் மாலை வெயில் பொன் கம்பளம் விரித்த] சீ.

[அப்பாக்கள் தொலைவதில்லை, அவர்கள் நமக்குள்ளேயே] இதையும் அடித்தாயிற்று. தத்துவம் பேசினால் பாவம் தீராது.

அவள் ஆங்கிலம் கற்றுக்கொடுப்பவள். வேலைக்காகப் பரீட்சை எழுதும் பெரியவர்களுக்கு, ஒரு செருப்புக் கடையின் மாடியில் வகுப்பு. கல்யாணம் ஆகவில்லை, வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. இந்த 'லூஸ்' பாடத்தை வருஷாவருஷம் தொண்டை கிழிய நடத்துவதால், அவள் முதுகுக்குப் பின்னால் 'லூஸ் டீச்சர்' என்று பெயர். அவளுக்கும் தெரியும். சிரித்துக்கொள்வாள்.

அப்பா கண்ணாடி வெட்டும் வேலை பார்த்தவர். மூன்று வருடமாக அவருக்கு ஞாபகம் இல்லை. ஒரே ஒரு கேள்விதான் மிச்சம்: "வீட்டுக்குப் போலாமா?" வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டே கேட்பார். "இதுதாம்ப்பா வீடு" என்றால் தலையாட்டுவார். அடுத்த வாய் சோற்றுக்குள் திரும்பவும் கேட்பார். அவள் குளிக்கப் போனாலும் கதவைத் தட்டிக் கேட்பார். வெளியே கிளம்பினால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார், உடும்புப் பிடி. கழற்றினால் சிவப்பாகத் தடம் இருக்கும்.

தம்பி ஒருவன் வெளிநாட்டில். பணம் அனுப்புவான், அழுவான், வரமாட்டான்.

(அவனைக் கெட்டவனாக்கினால் எனக்குச் சுலபம். முயன்று பார்த்தேன். அவன் நல்லவன், அதுதான் தொல்லை.)

3

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் பேருந்து நிலையத்தில் நடந்தது.

[அப்போது அவள் போன் அடித்தது. எடுப்பதற்காகக் கையை] இல்லை. போன் அடிக்கவில்லை. அவளைக் காப்பாற்ற நான் அடிக்கவைத்தேன்.

அவள் அப்பாவை ஒரு பெஞ்சில் உட்காரவைத்தாள். மணிக்கட்டிலிருந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். "இங்கயே இருப்பா. இதோ வந்துடறேன்." எதிர் வரிசையில் இருந்த கடைக்குப் போய் ஒரு டீ வாங்கினாள். தூணுக்கு மறுபக்கம், அவர் கண்ணில் படாத இடமாகப் பார்த்து நின்று குடித்தாள். யாரும் எதுவும் கேட்காமல் ஒரு டீ. ஆற அமரக் குடித்தாள், அடியில் தங்கிய சர்க்கரையையும் விடாமல். நன்றாக இருந்தது. அதைத்தான் பிற்பாடு அவளால் பொறுக்க முடியவில்லை.

திரும்பி வந்தபோது பெஞ்சில் வேறொருவர் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

4

"கை நழுவிடுச்சாக்கா?" போனில் தம்பி கேட்டான்.

"இல்லடா. நாந்தான் விட்டேன்."

"எதுக்கு?"

"கை வலிச்சுது."

அவன் அழுதான். திட்டியிருந்தால் தேவலை.

போலீஸ்காரர் அடையாளம் கேட்டபோது கட்டம் போட்ட சட்டை, கழுத்து மச்சம், இரண்டை மட்டும் சொன்னாள். வேறெதுவும் நாக்கில் வரவில்லை. மறுநாளிலிருந்து வகுப்புக்குப் போவதை விட்டாள். காலையில் கிளம்பி அந்தப் பெஞ்சில் போய் உட்காருவாள். கடைசிப் பேருந்து போனதும் எழுந்து வருவாள். கண் குழிந்து, ரவிக்கை தோளில் நிற்காமல் போனது. இப்போது 'லூஸ் டீச்சர்' என்று சொன்னவர்கள் சிரிக்கவில்லை.

5

(கட்டுரைக்காகத் தேடியதை இங்கே கொட்டிவிடுகிறேன், பத்திரிகைக்கு இனி பயன்படாது. ஒற்றை ஓவின் பழைய ஆங்கில வடிவத்துக்கு 'அழிந்துபோதல்' என்றே பொருள். அங்கே யாரும் யாரையும் தொலைக்கவில்லை. தொலைந்தவர் தானாகவே தொலைந்தார். தொலைத்தவர் என்று ஓர் ஆள் அந்தச் சொல்லுக்குள் பின்னால்தான் வந்து சேர்ந்தார். நம் 'தொலை'யும் அப்படித்தானே: முடிந்துபோவதும் காணாமல்போவதும் ஒரே சொல். இரட்டை ஓ வடக்கே ஸ்காண்டிநேவியர்களின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. ஆனாலும் இரண்டுக்கும் அடிவேர் ஒன்றுதான் என்கிறார்கள். தொலைப்பதும் விடுவதும் அக்காள் தங்கை. இதை அவளிடம் சொன்னால் ஆறுதலாகுமா என்று யோசித்தேன். சொல்லவில்லை.)

6

தம்பி வந்துவிட்டான். இரண்டாவது வாரம் போலீஸிலிருந்து அழைத்தார்கள். ஆற்றுப் பாலத்தடியில் ஒரு முதியவர்.

பிணவறையில் மருந்து வாடையையும் மீறி வேறொரு வாடை. ஊழியர் துணியை விலக்கினார். உயரம் சரி. நரை சரி. கட்டம் போட்ட சட்டை. முகம் முகமாக இல்லை, கழுத்தும் அப்படித்தான், மச்சம் தேட இடமில்லை.

தம்பி குனிந்து இடது கையைத் தூக்கி, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். அப்பாவின் இடது உள்ளங்கையில் கண்ணாடி கிழித்த தழும்பு குறுக்கே ஓடும். சின்ன வயதில் இருவரும் அதன்மேல் விரலால் ரயில் ஓட்டியிருக்கிறார்கள். இந்தக் கை வழவழவென்றிருந்தது.

அவன் பார்த்தான். அவளும் பார்த்தாள். அவன் கையை மெல்லக் கவிழ்த்து வைத்தான்.

"அப்பாதான்."

"டேய்..."

"அப்பாதான்கா." அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். "போதும்கா. நீ வீட்டுக்கு வா."

போலீஸ்காரர் அவள் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. கூட இருந்தது நீங்கதானே?"

அ) "இல்ல சார், இவர் இல்ல." அவள் வெளியே வருகிறாள், மறுபடி பெஞ்சுக்குப் போகிறாள். இதைத்தான் முதலில் எழுதினேன். நிமிர்ந்து நிற்கும் முடிவு; எனக்குப் பெருமை தரும் முடிவு.

ஆ) அவள் மயங்கி விழுகிறாள். இது எழுதத் தெரியாதவன் முடிவு.

இரண்டுமே நடக்கவில்லை. அவள் மூன்று வருடமும் இரண்டு வாரமும் தூங்காதவள். "ஆமா" என்றாள். குரல் கரகரத்ததால் போலீஸ்காரர் இன்னொரு தடவை கேட்டார். இன்னொரு தடவையும் சொன்னாள்.

7

யாரோ ஒருவருக்கு அக்காவும் தம்பியும் அழுதார்கள். பொய்யழுகை இல்லை. அந்த மனிதருக்குக் கிடைத்தது அது ஒன்றுதான்.

விமான நிலைய வாசலில் தம்பி கேட்டான்: "இனிமே தேட மாட்டியேக்கா?"

"யாரைடா?"

அவன் தலை குனிந்துகொண்டு உள்ளே போனான்.

அவள் நேராகப் பேருந்து நிலையத்துக்கு வந்தாள். பழக்கம் கூட்டிக்கொண்டு வந்தது. பெஞ்ச் காலியாக இருந்தும் உட்காரவில்லை. கழிப்பறைப் பக்கச் சுவரில் 'காணவில்லை' நோட்டீசுகள். அப்பாவின் நோட்டீசைத் தம்பி கிழித்துவிட்டிருந்தான், பசைத் தடம் மட்டும் இருந்தது. பக்கத்தில் புதிதாய் ஒன்று: நரைத்த தலை, கட்டம் போட்ட சட்டை, வெட்கப்பட்ட சிரிப்பு. படத்தில் அவர் யாருக்கோ கையசைக்கிறார். விரித்த இடது உள்ளங்கை, தழும்பில்லாமல்.

கீழே இருந்த எண்ணை அவள் அழுத்தினாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள். ஒரு பெண் குரல். போனைக் கையிலேயே வைத்திருந்திருக்க வேண்டும்.

"சொல்லுங்க. அப்பாவைப் பத்தியா? பாத்தீங்களா? எங்க இருக்காரு?"

[அவள்]

[அவள் மெதுவாக]

வாசகரே, அந்தப் பெண் காத்துக்கொண்டிருக்கிறாள். "ஹலோ, ஹலோ" என்கிறாள். எனக்குச் சொல் வரவில்லை. நீங்கள் என்ன சொல்வீர்கள்?