சால்மன் கலர்

சென்னையிலிருந்து போன் வந்து இருபத்திரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. கீதா இன்னும் வாயைத் திறக்கவில்லை.

பேசியவர் ஏற்றுமதிக் கம்பெனி மேனேஜர். லண்டனுக்குப் போகவேண்டிய பட்டுச் சேலைகளில் முதலாவதைப் பார்த்துவிட்டு, அவற்றை நெய்துகொடுக்கும் கீதாவின் அப்பா தனசேகரனிடம் சொன்னார். "சால்மன் கலர் கேட்டோம், சாம்பல் கலர் அனுப்பியிருக்கீங்க. சால்மன்னா ஆரஞ்சும் ரோஸும் கலந்தாப்ல இருக்கும் சார்."

ஆர்டர் வந்த அன்று அப்பா சேவூருக்குத் தறி பார்க்கப் போயிருந்தார். நூலுக்குச் சாயம் போடும் சடையப்பன் ஆர்டர் பேப்பரோடு வாசலில் நின்றார்.

"பாப்பா, இது என்னா கலரு?"

கீதா பி.எஸ்சி. விலங்கியல் முடித்தவள். வீட்டுக்கு வரும் இங்கிலீஷ் காகிதமெல்லாம் அவளிடம்தான் வரும்.

"சால்மன். அது ஒரு மீனுங்க."

"மீனு கலரா?"

"ஆமா. வெள்ளி மாதிரி, கொஞ்சம் சாம்பலா."

ஆற்றை எதிர்த்து நீந்தும் அந்த மீனை ரெக்கார்ட் நோட்டில் செதில் செதிலாக வரைந்திருக்கிறாள். பென்சிலில்.

சடையப்பன் மார்க்கெட்டில் ஒரு கெண்டை மீன் வாங்கி, தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நூலை முக்கினார்.

போன் வந்த பிறகு கீதா பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் படம் பார்த்தாள். மீனின் வெளித்தோல் அவள் சொன்ன நிறம்தான். அறுத்தால் உள்ளே மேனேஜர் சொன்ன நிறம். இங்கிலீஷ்காரன் மீனைத் தட்டில் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறான். இதில் என்ன விசித்திரம் என்று வீட்டுக்கு வந்ததும் தோன்றியது. கொடியில் அவளுடைய துப்பட்டா கிடந்தது. தர்பூசணி கலர் என்று கேட்டு வாங்கியது. கடைக்காரர் பச்சையை எடுத்துக் காட்டவில்லை.

இன்று அப்பா சடையப்பனை வரச்சொன்னார். பக்கத்து வீட்டு வேணுகோபாலும் வந்து உட்கார்ந்துகொண்டார். கீதா காபித் தட்டோடு கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"மீனைப் பாத்துகினு சாயம் போட்டியாமே," என்றார் வேணுகோபால். "அப்புறம் கொழம்பு வெச்சியா, இல்ல அதையும் சாயத்துல போட்டுட்டியா?"

சடையப்பன் சிரிக்கவில்லை. "தப்பாயிடுச்சு மொதலாளி."

"மொத்த நூலும் பாழு," என்றார் அப்பா. "இனிமே நூலு வேற சாயப்பட்டறைக்குப் போவும்."

அப்பா கொடுக்கும் நூலை விட்டால் சடையப்பனுக்கு வேறு வேலை கிடையாது. அது தெருவுக்கே தெரியும். வந்ததிலிருந்து அவர் கீதா நின்ற கதவுப் பக்கம் திரும்பவே இல்லை.

"தெரியாதது தப்பில்ல சடையப்பா. இங்கிலீஷ் புரியலன்னா எவனையோ கேக்கறத வுட்டுட்டு என் பொண்ணை ஒரு வார்த்தை கேக்கறதுக்கு இன்னா? டிகிரி படிச்சிட்டு வூட்லதான இருக்கா."

சடையப்பன் சாயம் ஏறிய விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டிருக்கணும் மொதலாளி."

கீதா வெளியே வந்து தட்டைத் தரையில் வைத்தாள். நிமிர்ந்து யாரையும் பார்க்க முடியவில்லை.

"கேட்டாருப்பா," என்றாள். "மீனு கலருன்னு நான்தான் சொன்னேன்."