முன்மொழிபவர்

ஆவணியின் கடைசி ஞாயிறு. மறுநாள் புரட்டாசி பிறந்துவிட்டால் ஒரு மாதம் வீட்டில் கவுச்சி கிடையாது என்று காலையிலேயே கோவளம் போய் வஞ்சிரம் வாங்கி வந்திருந்தேன். வாங்கியவன் நான். ஆனால் என் மனைவி ஜோதிலட்சுமி முனிசாமியின் தட்டில் வைத்த துண்டு என் தட்டில் இருந்ததைவிடப் பெரியது. "இன்னும் ஒண்ணு வைக்கட்டுமாண்ணே?" என்று வேறு கேட்டாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான். முனிசாமி எதற்குமே தலையை மட்டும்தான் ஆட்டுவான். அதில் ஏதோ பெரிய அர்த்தம் இருப்பதாகத் திருப்போரூரே நம்ப ஆரம்பித்திருந்தது. முப்பத்தொன்பது வயதில் ஒரு மீன் துண்டுக்காக ஒருத்தனுக்கு வயிறு எரியுமா என்று கேட்டால், எரிந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

கோயிலுக்குப் போகிற தெருவில் எனக்கு ஒரு எஸ்.டி.டி. பூத், கூடவே ஜெராக்ஸ் மெஷின். அது வயிற்றுப்பாட்டுக்கு. மனசுக்கு 'தனியாள்' என்ற பத்திரிகை. மாதம் நான்கு பக்கம், நானே எழுதி, நானே அறுபது பிரதி எடுத்து, நானே பஸ் ஸ்டாண்டில் கொடுப்பேன். பத்து வருடமாக இதுதான். கட்சியோ சாதியோ சங்கமோ தெருவோ ஒருத்தனுக்காக யோசிக்க முடியாது, அவனவன் தலையை அவனவன்தான் சுமக்க வேண்டும், கும்பலோடு சேர்ந்து கையெழுத்துப் போடுகிறவன் தன் பெயரைத் தானே அழிக்கிறான் என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். சொன்னபடி நடக்கவும் செய்தேன். தெருவிளக்கு கேட்டு எல்லோரும் மனுக் கொடுத்தபோது நான் ஒருவன்தான் கையெழுத்துப் போடவில்லை. விளக்கு வந்துவிட்டது. அந்த வெளிச்சம் என் ஜன்னலில்தான் விழுகிறது, அதில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். என்ன செய்வது?

முனிசாமி டெம்போ ஓட்டுகிறவன். பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதன். டெம்போ ஸ்டாண்டில் முறை என்று ஒன்று உண்டு. வரிசையில் முதலில் நிற்கிற வண்டிக்குத்தான் லோடு. ஆள் யார், வண்டி எப்படி என்று கேட்கக் கூடாது. தொண்ணூற்றொன்பதில் ஒருநாள் 'தனியாள்' படித்துவிட்டு முனிசாமி வரிசையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். "என் வேலை புடிச்சவன் என்னைத் தேடிகினு வரட்டும்" என்றான். மூன்று மாதம் தினமும் யாரோ அவன் டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டார்கள். தினமும் அவனே காற்றடித்தான். இப்போது செய்யூரிலிருந்து சவுக்குக்கட்டை ஏற்ற வேண்டுமென்றால்கூட அவனைத்தான் கூப்பிடுகிறார்கள், அதுவும் என் பூத்துக்குப் போன் போட்டு. வயசுக்கு வந்த பெண்ணை மேடையேற்றிக் காட்டுவது அசிங்கம் என்று கட்டுரை எழுதியவன் நான். மண்டபம் பிடித்து என் மகளுக்கு மஞ்சள் நீராட்டு நடத்தியவனும் நான்தான். முனிசாமி கட்டுரையை மட்டும் எடுத்துக்கொண்டான். அவன் மகள் ஐந்தாம் நாள் பள்ளிக்கூடம் போனாள். சொந்தக்காரர்கள் ஒரு வருடம் பேசவில்லை. அப்போதும் தலையைத்தான் ஆட்டினான். ஊரில் அவனுக்கு 'தனியாள் முனிசாமி' என்று பேர் வந்தது. என் பத்திரிகையின் பேர் சார் அது! நான் இன்னமும் ஜெராக்ஸ்கடை தாமோதரன்தான்.

மீனைத் தின்று கை கழுவி வந்தவன், துண்டில் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"மச்சான், நான் வார்டுக்கு நிக்கலாம்னு கீறேன். சுயேச்சையா."

எங்கள் வார்டில் தேர்தலே கிடையாது என்று தெருக்கூட்டம் ஏற்கெனவே முடிவு செய்திருந்தது. காண்ட்ராக்டர் சதாசிவம்தான் கவுன்சிலர், எதிர்த்து யாரும் மனுப் போடக் கூடாது. எல்லோரும் சரி என்றுவிட்டார்கள். வியாழக்கிழமை மதியம் மூன்று மணியோடு மனுத்தாக்கல் முடிகிறது. அதற்குள் இன்னொரு மனு விழாவிட்டால் சதாசிவம் வென்ற மாதிரிதான்.

"நில்லேன். யாரு உன்னைப் புடிச்சிகினு கீறாங்க?"

"முன்மொழிய ஒரு ஆளு வேணுமாம். இதே வார்டு ஓட்டரா இருக்கணும். தெருவுல ஒருத்தனும் வரமாட்டான். நீ எதுலயும் கையெழுத்துப் போடமாட்டேன்னு தெரியும். ஆனா இது மனுவுல நூத்தோட ஒண்ணு இல்ல மச்சான். ஒரே ஒரு கையெழுத்து."

அவன் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. அடுப்படியிலிருந்து ஜோதி எட்டிப்பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்தேன். நான் பத்து வருடம் ராத்திரியெல்லாம் எழுதியதற்கு அந்த முகம் ஒருநாளும் அப்படி ஆனதில்லை. "போட்டா போச்சு" என்றேன். "வியாழக்கெழமை ரெண்டு மணிக்கு நேரா ஆபீஸுக்கே வந்துடறேன்."

அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. சதாசிவத்துக்குப் பயந்து என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. சதாசிவம் என் கடையில் ஒரு பேப்பர்கூட ஜெராக்ஸ் எடுத்ததில்லை, அவனால் எனக்கு என்ன நட்டம்? விஷயம் வேறு. நான் எழுதிய ஒவ்வொரு வரியையும் இவன் வாழ்ந்து தீர்த்துக்கொண்டே வருகிறான். தேர்தலிலும் நின்றுவிட்டால் எனக்கென்று மிச்சம் என்ன இருக்கிறது? அவன் ஜெயிப்பான் என்றுகூட நான் நினைக்கவில்லை. தோற்றாலும் ஒற்றை ஆளாய் நின்று தோற்றவன் என்பார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

வியாழன் காலை பத்து மணிக்கு ஜோதியைக் கடையில் உட்காரவைத்துவிட்டு, "டோனர் தீந்துபோச்சு, செங்கல்பட்டு போய் வாங்கிகினு வந்துடறேன்" என்றேன். மெஷினில் பாதி டோனர் இருந்தது. "முனிசாமி அண்ணனுக்கு ரெண்டு மணிக்குப் போவணும்ல?" என்றாள். "அதுக்குள்ள வந்துட மாட்டேனா?" என்று எரிந்து விழுந்தேன். செங்கல்பட்டில் டோனர் கடைப் பக்கமே போகவில்லை. பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து மூன்று டீ குடித்தேன். மூன்றேகாலுக்கு ஊரில் இறங்கி, "சே, பஸ்ஸு பிரேக் டவுன் மச்சான்" என்று சொல்வதாக ஏற்பாடு. ஒருமணி பஸ் கண்ணெதிரில் புறப்பட்டபோதுதான் அந்த ஆசை வந்தது. மூன்று மணி அடிக்கும்போது முனிசாமியின் முகம் எப்படித் தொங்கும் என்று பார்க்க வேண்டும். ஓடிப்போய் ஏறினேன்.

பேரூராட்சி ஆபீஸுக்கு எதிர்ச்சாரியில், டீக்கடைத் தட்டிக்குப் பின்னால் நின்றேன். மணி இரண்டு நாற்பது. முனிசாமி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசல் படியில் நின்றிருந்தான். பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். சதாசிவத்தின் ஆட்கள் நாலைந்து பேர் பைக்கில் சாய்ந்துகொண்டு, "இன்னா தனியாளு, கையெழுத்துக்கு ஆளு இல்லியா?" என்று கலாய்த்தார்கள். முதல்முறையாக அவன் தலையை ஆட்டவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். எனக்குள் ஏதோ இனித்தது. அடுத்த நிமிஷமே அதுவே கசந்தது. சரி, போய்த் தொலைப்போம், இன்னும் கால் மணி நேரம் இருக்கிறதே என்று ஒரு காலை ரோட்டில் வைத்தேன். சத்தியமாக வைத்தேன்.

அப்போது கோயில் தெருவிலிருந்து ஜோதி வந்தாள். கல்யாணத்துக்குக் கட்டுகிற மாம்பழக் கலர் சேலை. கையில் கடைச்சாவி. வேகவேகமாக நடந்துவந்து, பைக்கில் சாய்ந்திருந்தவர்களைத் தாண்டி, படியேறி, "வாங்கண்ணே, நேரமாச்சு" என்றாள். ரோட்டுப் பக்கத்து ஜன்னல் திறந்திருந்தது, உள்ளே பேசுவது நான் நின்ற இடத்துக்கே கேட்டது. அதிகாரி வாக்காளர் பட்டியலைப் புரட்டினார். என் எண் நானூற்றுப் பன்னிரண்டு. அதற்கு அடுத்தது அவள். பதினாறு வருடமாகச் சேர்ந்து குடித்தனம் பண்ணுகிறோம், அவளும் ஒரு ஓட்டர் என்பது எனக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. இத்தனைக்கும் அந்தப் பட்டியலை நூறு தடவை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தவன் நான்.

"ஊட்டுக்காரரைக் கேட்டுட்டீங்களாம்மா?" என்றார் அதிகாரி.

"ஃபாரத்துல அதுக்கு எடம் கீதா சார்?" என்று கேட்டாள். குனிந்து கையெழுத்துப் போட்டாள். நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக.

வெளியே வந்ததும் முனிசாமி என்னைப் பார்த்துவிட்டான். ரோட்டைத் தாண்டி ஓடிவந்து என் தோளைக் கட்டிக்கொண்டான். "வந்துட்டியா மச்சான்! பஸ்ஸு பிரேக் டவுனா? நான் தங்கச்சிகிட்ட அப்பவே சொன்னேன், தாமு வராம இருக்கமாட்டான், பஸ்ஸுதான் எங்கனா நின்னுகினு இருக்கும்னு." நான் இரண்டு நாளாகத் தயார் பண்ணிவைத்திருந்த பொய்யை அவனே எனக்காகச் சொல்லி முடித்துவிட்டான். பின்னாலேயே வந்த ஜோதி என் முகத்தைப் பார்க்கவில்லை. என் வெறுங்கையைப் பார்த்தாள்.

மூன்று மணிக்கு ஆபீஸ் கதவைச் சாத்தினார்கள். சற்று நேரத்தில் பியூன் ஏசுபாதம் பசைவாளியோடு வந்து பட்டியலைச் சுவரில் ஒட்டினான். கும்பல் கூடிவிட்டது. நானும் கும்பலோடு கும்பலாக நெருக்கித் தள்ளிப் போய்ப் படித்தேன். முனிசாமியின் பேருக்கு நேரே முன்மொழிபவர் என்ற கட்டத்தில் அவள் பேர் இருந்தது. ஆட்கள் அதை வாய்விட்டுப் படித்தார்கள். பக்கத்தில் நின்ற வயசானவர் ஒருவர், வெளித்தெருக்காரர், என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்பா, நீ அந்த ஜோதிலட்சுமி ஊட்டுக்காரனா?"

"ஆமா" என்றேன்.

திரும்பிப் பார்த்தேன். எதிர்ச்சாரியில் டெம்போ நிழலில் அவர்கள் இரண்டு பேரும் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். முனிசாமி ஏதோ சொல்ல, ஜோதி தலையை மட்டும் ஆட்டினாள்.