மூக்குக்கண்ணாடித் திருகு

பழைய கேமரா தேடுகிறவனுக்கு வெட்கம் மானம் கிடையாது. தெருவில் ஒரு பெரியவர் படுத்த படுக்கை என்றால் மற்றவர்கள் பழம் வாங்கிக்கொண்டு போவார்கள். இவன் போய் அவர் வீட்டுப் பரணை அண்ணாந்து பார்ப்பான். கண்ணாடிக்கடைக்காரரும் அவருடைய சகலையும் அந்த ரகம். அக்காவைக் கட்டியவர் இவர், தங்கையைக் கட்டியவன் அவன். இவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை, அவனுக்குக் கடிகாரம் பழுதுபார்க்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் இருவரும் ஒரே வண்டியில் கிளம்பி, இரும்புக்கடை, இழுத்து மூடிய ஸ்டுடியோ என்று ஒன்று விடாமல் சலிப்பார்கள். "நம்ம வீட்டு ஆம்பளைங்களக் காணோம்னா குப்பையிலதான் போய்த் தேடணும்" என்று அக்காளும் தங்கையும் சிரிப்பார்கள்.

வெளிநாட்டுச் சரக்கு யாருக்கு வேண்டும்? ஒரு காலத்தில் உள்ளூரிலேயே ஒரு தொழிற்சாலை கேமரா செய்தது. கறுப்பாக, செங்கல் கனத்தில் ஒரு பெட்டி. தொழிற்சாலை நொடித்துப் போய்ப் பல காலமாகிறது. முதல்முதலில் செய்த சிலவற்றில் மட்டும் லென்சைச் சுற்றி நீலக் கண்ணாடி வளையம் இருந்ததாம். தேடுகிறவர்கள் அதை 'நீலம்' என்பார்கள். பழைய விளம்பரத்தில் மங்கலாகப் பார்த்ததுதான். நேரில் கண்டவர் யாருமில்லை. தலை நரைக்கும்வரை கண்ணாடிக்கடைக்காரர் தேடியது அதைத்தான்.

வேட்டைக்கு இரண்டு கட்டுப்பாடு உண்டு. துப்புக் கிடைத்தால் சேர்ந்தே போக வேண்டும். பொருள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று மூச்சு விடக் கூடாது. விட்டால் அப்புறம் எந்தக் கதவும் திறக்காது. சகலைக்கு இரண்டையும் சொல்லிக்கொடுத்தவர் இவர்தான்.

அப்படியிருக்க, போன மாதம் ஒரு இரும்புக்கடைக்காரன் சாக்குத்துணியை விலக்கி நீலத்தைக் காட்டினான். கண்ணாடிக்கடைக்காரருக்குக் கை கால் ஓடவில்லை. ஆனால் அவன் பணம் வேண்டாம் என்றுவிட்டான். அதே தொழிற்சாலையின் சாதாரணக் கேமரா ஒன்று, ஒரே ஆள் கையில் இருந்ததாக, தோல் உறையோடு வேண்டுமாம். அப்படி ஒன்று அவரிடம் இருந்தது. அவருடைய அப்பாவின் கேமரா. அதன் வார், அப்பா கழுத்து வேர்வையிலேயே கறுத்துப்போனது.

"மாமாவோட கேமராவையா குடுக்கப் போறீங்க?" என்றாள் மனைவி.

"விட்டா போச்சு அண்ணே" என்றான் சகலை. "அப்பா இருந்திருந்தா அவரே எடுத்துக் குடுத்திருப்பாரு."

அந்த ஒரு வார்த்தையில் மனிதர் விழுந்துவிட்டார். கொடுக்கும்போது வாரை ஒருமுறை தடவிப் பார்த்தார். சகலைதான் முதுகைத் தட்டிக்கொடுத்தான்.

நீலம் வீட்டுக்கு வந்தது. ஆற அமர ஒருநாள் தூசி எடுக்கலாமென்று முகப்புத் தகட்டைக் கழற்றினார். உள்ளே ஷட்டரைப் பிடித்திருந்த திருகுகளில் ஒன்று மட்டும் மஞ்சளாக, தலையின் ஒரு பக்கம் அரத்தால் ராவப்பட்டு இருந்தது.

அது மூக்குக்கண்ணாடித் திருகு. எப்போதோ அதே தொழிற்சாலையின் ஒரு ஓட்டைக் கேமராவில் அசல் திருகைத் தொலைத்துவிட்டு, கடையில் கிடந்ததை அவரே மாட்டியிருந்தார். தலை பெரிதாக இடித்ததால் ராவியதும் அவர்தான். தன் கையெழுத்து ஒருவனுக்குத் தெரியாமலா போகும்? அந்த ஓட்டைக் கேமராவை, உதிரிப் பாகத்துக்கு ஆகட்டும் என்று சகலைக்குத்தான் கொடுத்திருந்தார்.

நீல வளையத்தை வெளிச்சத்தில் பிடித்தார். நீலம் கிடைப்பதற்குக் கொஞ்ச நாளைக்கு முன் சகலை கடைக்கு வந்து, "ஒரு சுவர்க்கடிகாரத்துக்கு வேணும், வளையமா நறுக்கிக் குடுங்க அண்ணே" என்று ஒரு நீலக் கண்ணாடித் துண்டு கேட்டான். இவரும் டீ வாங்கிக்கொடுத்து, விளிம்பைப் பதமாகத் தேய்த்துக் கொடுத்திருந்தார். தன் கையாலேயே தன் கண்ணைக் குத்தியிருக்கிறார்.

சகலை வீட்டு மாடிப்படியை எப்படி ஏறினாரென்று அவருக்கே தெரியாது. மச்சினிதான் கதவைத் திறந்தாள். "வாங்க அத்தான். அக்கா வரலையா?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அவர் கழற்றிய தகட்டோடு நீலத்தை மேசைமேல் வைத்தார். திருகைத் தொட்டுக் காட்டினார்.

சகலை பொய் சொல்லவில்லை. அதையாவது அவன் செய்திருக்கலாம். எழுந்து போய் அலமாரியைத் திறந்து இன்னொரு கேமராவை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தான். அதிலும் நீல வளையம். ஆழமான, பழைய நீலம். அசல்.

"இத ஒரு பெரியவர்கிட்ட பாத்தேன். நான் மட்டும்தான் போனேன்" என்றான். "தோல் உறையோட ஒண்ணு குடுத்தாத்தான் தருவேன்னாரு. உங்ககிட்டதான் இருந்துச்சு. இரும்புக்கடைக்காரன் நான் சொல்லிவெச்ச ஆளு."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா இது உங்க அலமாரியில இருக்கும்."

வாழ்நாளெல்லாம் தேடியது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவருக்கு அதைத் தொடக்கூடத் தோன்றவில்லை. இத்தனை வருஷம் வண்டியில் பின்னால் உட்கார்ந்து தன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தவன் யார் என்றே விளங்கவில்லை.

"அப்பாவோட கேமரா எனக்கு வேணும். அந்தப் பெரியவர் யாரு? வீடு எங்க?"

சகலை தலையைக் குனிந்துகொண்டான். "அது முடியாது அண்ணே. வெளிய சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். நம்ம வழக்கம் உங்களுக்குத் தெரியாதா?"

முன்பின் தெரியாத ஒருவனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறான், யோக்கியன். கண்ணாடிக்கடைக்காரருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போலி நீலத்தை எடுத்துச் சட்டையோடு அணைத்துக்கொண்டார். திருகு அவருடையது, கண்ணாடி அவருடையது, கேமராக் கூடும் அவருடையது.

"அத்தான், தட்டு வச்சுட்டேனே" என்று மச்சினி உள்ளிருந்து குரல் கொடுத்தாள்.

"பசியில்லம்மா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். பாதிப் படியில் சகலையின் குரல் மேலிருந்து வந்தது.

"அண்ணே!"

அவர் நின்றார். ஒரு மன்னிப்பு வருமென்று, அத்தனைக்குப் பிறகும், அந்த மனசு எதிர்பார்த்தது.

"அந்த ஒரு திருக மாத்தாம விட்டுட்டேன் பாருங்க" என்றான் சகலை. உண்மையாகவே வருத்தப்பட்டான்.